புற்றுநோயும் தாதியின் ஆராய்ச்சியும்

தாதி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் தோன்றும் உருவம் ஒன்றுண்டு. வெண்ணிற உடையும், கையில் மருந்துத் தட்டும், இரவிலே கட்டிலுக்குக் கட்டில் செல்லும் ஓசையற்ற நடையும் கொண்ட உருவம் அது. அவ்வுருவம் பொய்யன்று; ஆயினும் முழுமையானதும் அன்று. நோயாளியின் உடல் வெப்பத்தைக் குறித்துவைக்கும் அதே கை, அத்தகைய குறிப்புகளை நூற்றுக்கணக்கில் ஒன்றுசேர்த்து, அவற்றிலிருந்து ஒரு வினாவை எழுப்பி, அவ்வினாவுக்கு விடை காணும் முறையை வகுத்து, பெற்ற விடையை உலகின் முன் வைக்கவும் வல்லது. அவ்வாறு செய்பவரையே தாதி ஆராய்ச்சியாளர் என்கிறோம். புற்றுநோய்ப் பராமரிப்பிலே இத்தகையோர் ஆற்றிய பணி யாது, அதனால் வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழும் மக்களுக்கு விளையக்கூடிய பயன் யாது என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

வைத்தியர் நோயாளியைக் காணும் நேரம் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் அடங்கிவிடும். தாதியோ நாட்கணக்கில் அருகிருப்பவர். ஆதலால் இருவருடைய வினாக்களும் வேறுபடுகின்றன. கட்டி எவ்வளவு பெரியது, எவ்விடத்திற்குப் பரவியுள்ளது, எம்மருந்து அதனைச் சுருக்கும் என்று வைத்தியர் கேட்கிறார். நேற்றிரவு உறங்கினாரா, உணவு உள்ளே சென்றதா, துணைக்கு வந்தவர் யார், சென்ற மாதம் வரவேண்டியவர் ஏன் வரவில்லை என்று தாதி கேட்கிறார். பின்னவை சின்னஞ்சிறு வினாக்கள்போலத் தோன்றும். எனினும் அவற்றை ஒழுங்காக அளந்து பார்த்தபோது உயிர் காக்கும் உண்மைகள் சில வெளிப்பட்டன.

இந்த வழியிலே முதலடி எடுத்து வைத்தவர் புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் என்பதை நேயர்கள் அறிவர். 1854 ஆம் ஆண்டு, கிரிமியாப் போரின்போது, ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்ற அவரை விளக்கேந்திய மங்கை என்று உலகம் போற்றுகிறது. அவ்விளக்கைக் காட்டிலும் கூடிய ஒளி தந்தது அவர் வரைந்த விளக்கப்படமே என்று சொல்லலாம். போர்முனையில் பட்ட காயத்தினால் இறந்தவர்களிலும் பார்க்க, தடுத்திருக்கக்கூடிய தொற்று நோய்களினால் இறந்த போர்வீரர் பன்மடங்கு அதிகம் என்பதை, மாதவாரியாக இறப்புகளைக் கணக்கிட்டு, பார்த்தவுடன் விளங்கும் வகையில் அவர் வரைந்து காட்டினார். 1858 இல் இலண்டன் புள்ளிவிபரவியற் சங்கம் அவரைத் தனது முதலாவது பெண் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. எனினும் தாதியர் ஆராய்ச்சி தனக்கென ஒரு நிலையான இடத்தைப் பெறுவதற்கு நெடுங்காலம் சென்றது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் தாதியர் ஆராய்ச்சிக்கெனத் தனி நிலையம் அமைந்தது 1986 ஆம் ஆண்டிலேதான். 1993 இல் அது முழு நிறுவனமாக உயர்த்தப்பட்டது.

புற்றுநோய்த் துறையில் இவ்வாராய்ச்சிக்கு வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் றூத் மக்கோர்க்கிள் என்னும் அமெரிக்கத் தாதி. 1941 இல் பிறந்து 2019 இல் மறைந்த இவர், சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும், பின்னர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலும், இறுதியாக யேல் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். யேலில் அவர் வகித்த பேராசிரியர் பதவி புளோறன்ஸ் வோல்ட் என்ற மற்றொரு தாதியின் பெயரால் அமைந்தது. அமெரிக்காவில், மரணத்தை எதிர்நோக்கியிருப்போரை அமைதியாகப் பேணும் இல்லங்கள் தோன்றக் காரணமாயிருந்தவர் அந்த வோல்ட் அம்மையார்.

மக்கோர்க்கிள் எழுப்பிய முதல் வினா மிக எளியது. நோயாளி படும் அல்லலை அளக்க முடியுமா? காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. குருதியமுக்கத்தை அளக்கவும் கருவி உண்டு. குமட்டல், உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, மூச்சுத்திணறல், களைப்பு, தன் உருவம் மாறியதால் வரும் மனச்சோர்வு ஆகியவற்றை அளக்கும் கருவி எது? நோயாளியின் சொல்லே கருவி என்று அவர் கண்டார். ஒவ்வொரு தொல்லையும் எவ்வளவு வருத்துகிறது என்பதை ஒன்று முதல் ஐந்து வரையான எண்களால் நோயாளியே குறிக்கும்படி ஓர் அளவுகோலைத் தம் சகபாடியுடன் சேர்ந்து உருவாக்கி, 1978 இல் வெளியிட்டார். அல்லல் எண்ணாக மாறியதும், ஒரு வாரத்து நிலையை மறுவாரத்தோடு ஒப்பிட முடிந்தது. ஒருவகைப் பராமரிப்பை வேறொரு வகையோடு ஒப்பிடவும் முடிந்தது.

அடுத்த வினா அதிலிருந்தே பிறந்தது. வைத்தியசாலையை விட்டு வீடு சென்ற நோயாளிக்கு என்ன நிகழ்கிறது? சுவாசப்பைப் புற்றுநோயாளர் 166 பேரைக் கொண்டு நடத்தி, 1989 இல் அவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. தாதியர் வீடு தேடிச் சென்று கவனித்த நோயாளரை, வைத்தியரின் அலுவலகத்திற்கு வந்து மட்டும் சிகிச்சை பெற்றவரோடு ஒப்பிட்டபோது, முன்னவர் ஆறு வாரங்கள் கூடுதலாக அல்லல் குறைந்தும், பிறர் உதவியை அதிகம் நாடாமலும் இருந்தனர். ஆறு வாரம் என்பது சிறிய காலமாகத் தோன்றலாம். ஆனால் வாழ்நாள் எண்ணப்பட்ட ஒருவருக்கு, தானே எழுந்து முற்றத்தில் நடந்து, தன் கையால் உணவை எடுத்து உண்ணும் ஆறு வாரம் பெருஞ்செல்வமாகும்.

2000 ஆம் ஆண்டில் வெளியான மூன்றாவது ஆய்வு பலரையும் வியக்கவைத்தது. புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை பெற்ற, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 375 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு பகுதியினருக்கு வழமையான கவனிப்பு. மற்றப் பகுதியினருக்கு, விசேட பயிற்சி பெற்ற தாதியர் நான்கு வாரத்திற்குள் மூன்று முறை வீட்டிற்குச் சென்றும், ஐந்து முறை தொலைபேசியில் உரையாடியும் வந்தனர். புண் ஆறுகிறதா, வலிமருந்து போதுமா, காய்ச்சல் உண்டா, பராமரிக்கும் உறவினருக்கு முறை தெரியுமா என்று ஆராய்ந்தனர். நோயின் ஆரம்ப நிலையில் இருந்தோரிடம் இதனால் உயிர்நீட்சியில் வேறுபாடு காணப்படவில்லை. முற்றிய நிலையில் இருந்தோரிடமோ, தாதியர் கவனித்த குழுவில் நூற்றுக்கு 67 பேரும் மற்றக் குழுவில் நூற்றுக்கு 40 பேரும் இரண்டாண்டின் பின்னர் உயிரோடிருந்தனர். ஓர் ஆய்வை மட்டும் கொண்டு முடிந்த முடிபு கூறுதல் தகாது. ஆயினும் மூன்று வருகைகளும் ஐந்து உரையாடல்களும் வெறும் ஆறுதல் என்று ஒதுக்கத்தக்கவை அல்ல என்பதை எவரும் மறுக்க முடியாமற் போயிற்று.

இனி, இவ்வாராய்ச்சியின் மற்றொரு பகுதிக்கு வருவோம். ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே நாடு. இருந்தும் ஒருவர் பிழைக்கிறார், மற்றவர் இறக்கிறார். ஏன்? இவ்வினாவை ஆராயும் துறையைச் சுகாதார ஒப்புரவு பற்றிய ஆராய்ச்சி என்று சொல்லலாம். ஒப்புரவு என்பது நமக்குப் பழகிய சொல்; திருக்குறளில் ஓர் அதிகாரமே அப்பெயரால் உண்டு. உலகத்தோடு ஒத்து, தேவையறிந்து உதவுவதை அது குறிக்கும். எல்லோருக்கும் ஒரே அளவில் பகிர்வது சமம். அவரவர் தேவைக்கும் தடைக்கும் ஏற்ப வழங்கி, அனைவரும் ஒரே நலனை அடையச் செய்வது ஒப்புரவு. ஒரு பரிசோதனை நிலையம் நகரில் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது என்று கொள்வோம். கதவு எல்லாப் பெண்களுக்கும் சமமாகவே திறந்திருக்கிறது. ஆனால் அடுத்த தெருவில் வாழ்பவருக்கு அது பத்து நிமிட நடை. நெடுங்கேணிக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து வருபவருக்கோ அது ஒரு நாட் கூலி, இரண்டு பேருந்துக் கட்டணம், பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆள். திறந்த கதவு மட்டும் ஒப்புரவாகிவிடாது.

இதனை எண்களால் நிறுவியவர்களுள் ஒருவர் நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியில் பணியாற்றிய அறுவை வைத்தியர் ஹரோல்ட் பிரீமன். வறிய கறுப்பின மக்கள் நிறைந்த அப்பகுதியில், 1964 முதல் 1986 வரை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களுள் ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் நூற்றுக்கு 39 பேரே. மலிவான பரிசோதனையோடு, நோயாளியின் கைபிடித்து வழிகாட்டும் ஓர் ஊழியரையும் 1990 இல் அவர் நியமித்தார். படிவம் நிரப்புதல், தவணை நாளை நினைவூட்டல், பயந்தவரோடு பேசுதல் ஆகியவையே அவ்வூழியரின் கடமை. 1995 முதல் 2000 வரை சிகிச்சைக்கு வந்தோருள் ஐந்தாண்டு வாழ்ந்தோர் நூற்றுக்கு 70 ஆக உயர்ந்தனர். இன்று பல நாடுகளில் இந்த வழிகாட்டும் பணியைத் தாதியர் ஏற்று நடத்துகின்றனர்.

கடல் கடந்த செய்திகள் நமக்குப் பொருந்துமா என்று நேயர்கள் ஐயுறலாம். ஆதலால் நமக்கு அண்மையில், தமிழ் பேசும் கிராமத்துப் பெண்களிடையே நிகழ்ந்த ஓர் ஆய்வைச் சற்று விரிவாகக் காண்போம். அது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் நிகழ்ந்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைப் பற்றியது.

இப்புற்றுநோய்க்குக் காரணம் மனித பப்பிலோமா வைரசு என்னும் கிருமி. இதனைக் கண்டறிந்த ஜெர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கிருமி தொற்றிய பெண்களுட் பெரும்பாலானோர் தாமாகவே அதிலிருந்து விடுபடுகின்றனர். சிலரிடம் மட்டும் அது நிலைத்திருந்து, கருப்பைக் கழுத்தின் கலங்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. மாற்றம் தொடங்கிப் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டும் அதற்கு மேலும் செல்லும். இவ்வளவு நீண்ட அவகாசத்தைத் தரும் புற்றுநோய் வேறு அரிது. அந்த அவகாசத்தில் ஒருமுறை பார்த்தாலே போதும். புற்றாகும் முன்னரே அதனை அகற்றிவிடலாம். அவ்வாறிருந்தும் உலகெங்கும் இலட்சக்கணக்கான பெண்கள் இதனால் ஆண்டுதோறும் இறக்கின்றனர். பார்க்கப்படாமையே அதற்குப் பெருங்காரணம்.

செல்வ நாடுகள் பாப் பரிசோதனை என்னும் முறையால் இந்நோயை வெகுவாகக் குறைத்தன. அதற்கு ஆய்வுகூடமும், நுணுக்குக்காட்டியும், பயின்ற வல்லுநரும் வேண்டும். முடிவு வரச் சில வாரங்கள் செல்லும். பெண் மறுமுறையும் வரவேண்டும். கிராமத்திற்கு ஏற்ற எளிய முறை ஒன்று உண்டா? ஐதான அசற்றிக்கமிலத்தைக் கருப்பைக் கழுத்தில் பூசி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெறுங்கண்ணால் பார்ப்பதே அம்முறை. நாம் சமையலில் பயன்படுத்தும் வினாகிரியின் புளிப்பு அந்த அமிலத்தினால் ஆனது. மாற்றமடைந்த இடம் வெண்மையாகத் தோன்றும். அன்றே விடை கிடைத்துவிடும்.

இம்முறை உண்மையில் உயிர் காக்குமா என்பதைச் சோதிக்க, திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார நிலையமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையமும் பிறரும் இணைந்தனர். முன்னின்று வழிநடத்தியவர் வைத்தியர் சங்கரநாராயணன். கிராமங்கள் 114 தொகுதிகளாக வகுக்கப்பட்டு, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டன. ஒரு பிரிவிலே 30 முதல் 59 வயது வரையான 49,311 பெண்கள். மற்றதில் 30,958 பெண்கள். 2000 முதல் 2003 வரை கிராமத்துக்குக் கிராமம் சென்று பரிசோதனையைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தாதியர். புற்றுக்கு முந்திய மாற்றம் கண்ட இடத்தைக் குளிரால் உறையவைத்து அழிக்கும் சிகிச்சையிலும் அவர்கள் பங்கேற்றனர்.

2007 இல் லான்செற் என்னும் மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. பரிசோதனை நிகழ்ந்த பிரிவில் இந்நோய் தோன்றுவது நூற்றுக்கு 25 பங்கும், அதனால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தன. வைத்தியர் இல்லாத ஊரிலே, ஒரு விளக்கும், ஒரு புட்டி அமிலமும், பயின்ற கண்ணும் கொண்டு தாதியர் பெற்ற வெற்றி இது.

ஆனால் அவ்வறிக்கையில் வெற்றியைக் கூறும் எண்களோடு வேறு இரண்டு எண்களும் உள்ளன. ஒப்புரவை நாடுவோர் கண்களுக்கு முதலிற் படுபவை அவையே. அழைக்கப்பட்ட 49,311 பெண்களுட் பரிசோதனைக்கு வந்தோர் 31,343 பேர். மற்ற 17,968 பேர் வரவில்லை. புற்றுக்கு முந்திய மாற்றம் உடையோர் எனக் கண்ட 1,874 பேருள் சிகிச்சை பெற்றோர் நூற்றுக்கு 72 பங்கினர். எஞ்சிய ஐந்நூறுக்கு மேற்பட்டோர் தம் நிலை தெரிந்த பின்னரும் சிகிச்சை பெறவில்லை. இலவசமாக, வீட்டிற்கு அண்மையில், அன்றே கிடைத்த சேவைக்கே இந்நிலை. வயலுக்கு நீர் பாய்ச்சுவோர் அறிவர்: குளம் நிறைந்திருந்தாலும், வாய்க்காலில் இரண்டு உடைப்பு இருப்பின் கடைமடை காய்ந்தே கிடக்கும். வராதவர் யார், ஏன் வரவில்லை, வந்தவர் ஏன் திரும்பவில்லை என்று ஆராய்வது அந்த உடைப்புகளைத் தேடிச் செல்வதை ஒக்கும்.

மற்றொன்றையும் மறைக்காமற் கூறவேண்டும். ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட பிரிவின் பெண்களுக்கு வழமையான சேவை மட்டுமே கிடைத்தது. அவ்வழமையான சேவையிலே ஒழுங்கான பரிசோதனை இருக்கவில்லை. இந்தியாவில் நிகழ்ந்த இத்தகைய ஆய்வுகளைப் பற்றி அறநெறி சார்ந்த கண்டனங்கள் பின்னர் எழுந்தன. ஏழைப் பெண்களுக்கு நன்மை தேடும் ஆராய்ச்சி, அவர்களுள் ஒரு பகுதியினரைக் காத்திருக்க வைக்கலாமா என்ற வினா எளிதில் தீர்வதன்று. ஆராய்ச்சியின் பயன் மட்டுமன்றி, அதன் சுமையும் ஒப்புரவோடு பகிரப்படவேண்டும் என்பது அதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

இனி வன்னிக்கு வருவோம். நமது நாட்டில் பொதுச் சுகாதார சேவைக்கு வலுவான அத்திவாரம் உண்டு. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த குடும்பநல உத்தியோகத்தர்கள் இன்று கிராமந்தோறும் கர்ப்பிணிகளின் வீடு தேடிச் செல்கின்றனர். 1996 முதல் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் இயங்கிவருகின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்கள் அங்கு சென்று கருப்பைக் கழுத்துப் பரிசோதனையையும் மார்பகப் பரிசோதனையையும் இலவசமாகப் பெறலாம். 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குப் பாடசாலையிலேயே பப்பிலோமா வைரசுத் தடுப்பூசி இரு தடவையாக ஏற்றப்படுகிறது. வடக்கிலே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. 2011 ஜூலையில் தெற்கே தெவிநுவரையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரம் மக்கள் நடந்து திரட்டிய நிதி அதன் உருவாக்கத்திற்கு உதவிற்று. தேசிய மட்டத்தில் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை உண்டு.

ஆயினும் முல்லைத்தீவுக் கரையிலிருந்து தெல்லிப்பழைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். மகரகமவிற்கோ ஒரு நாட் பயணம். கதிர்ச்சிகிச்சை பெறுவோர் வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரங்கள் தொடர்ந்து செல்லவேண்டும். தெற்கே செல்வோருக்கு மொழியும் ஒரு தடையாகலாம். கண்டி வீதி 1990 முதல் 2002 வரை மூடிக் கிடந்ததையும், 2006 இல் மீண்டும் மூடப்பட்டதையும், 2009 மே மாதம் போர் முடிவடைவதற்கு முன் மக்கள் இடம்விட்டு இடம் பெயர்ந்ததையும் வன்னியார் எவரும் மறக்கவில்லை. வைத்தியசாலைகள் சிதைந்தன, நோயாளரின் ஏடுகள் அழிந்தன. தொடர்ந்து பல ஆண்டுகள் உயிரைக் காப்பதே பெரும்பாடாயிருந்த ஒரு சமூகத்தில், மார்பிலே தோன்றிய வலியற்ற ஒரு சிறு கட்டியை எவர் பொருட்படுத்துவர்? குடும்பத்தின் சுமை முழுவதையும் தனியே தாங்கும் பெண்கள் பலர் இன்றும் தம் உடலை இறுதியாகவே எண்ணுகின்றனர். காலபோக அறுவடை முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிவைக்கின்றனர். புற்று அவ்வாறு காத்திருப்பதில்லை.

இவற்றை எல்லோரும் பொதுவாக அறிவர். ஆனால் பொதுவாக அறிதல் வேறு, அளந்து அறிதல் வேறு. மார்பகப் புற்றுநோய் பற்றி உலக சுகாதார நிறுவனம் ஓர் இலக்கு வகுத்துள்ளது. நோயாளருள் நூற்றுக்கு 60 பேராவது ஆரம்ப நிலையிலேயே கண்டறியப்படவேண்டும். முதலில் வைத்தியரிடம் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் நிச்சயிக்கப்படவேண்டும். நூற்றுக்கு 80 பேராவது சிகிச்சையை இடையில் விடாது முடிக்கவேண்டும். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வாழும் ஒரு பெண்ணுக்கு அந்த அறுபது நாள் எவ்வாறு கழிகிறது? கட்டியைக் கண்டபின் எவரிடமும் சொல்லாமல் இருந்த நாள் எத்தனை? கிராமத்து வைத்தியசாலையிலிருந்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பப்படச் சென்ற நாள் எத்தனை? இழையப் பரிசோதனையின் முடிவு வரச் சென்ற நாள் எத்தனை? பயணச் செலவைக் கடனாகப் பெறக் காத்திருந்த நாள் எத்தனை? இவற்றைத் தனித்தனியே எழுதிக் கூட்டினால், எந்த இடத்தில் நாள் வீணாகிறது என்பது தெரிந்துவிடும். ஒரு பேருந்து நேரத்தை மாற்றுவதாலோ, கிளினிக் நடைபெறும் கிழமையை மாற்றுவதாலோ சில வாரங்கள் மிஞ்சலாம். இத்தகைய ஆய்வுக்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஓர் ஏடும், ஒழுங்கும், நோயாளி நம்பிப் பேசத்தக்க ஒருவரும் போதும். நாம் மிஸ்ஸி என்று அழைக்கும் தாதியிலும் பார்க்க அதற்குத் தகுதியானவர் யார்?

வாய்ப் புற்றுநோயிலும் இவ்வாறே. நமது நாட்டு ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் வகிப்பது இது. வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பது மட்டுமே கேடு என்று பலர் எண்ணுகின்றனர். பாக்கே தனித்துப் புற்றை விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2004 இல் அறிவித்துவிட்டது. வயல் வேலையிலும் கடற்றொழிலிலும் களைப்பைப் போக்க வெற்றிலை மெல்லுவோர் வன்னியில் ஏராளம். வாயினுள் ஆறாத புண்ணையும், வெள்ளைத் திட்டையும், சிவந்த திட்டையும் கண்டுபிடிக்க ஒரு மின்சூளும் பயிற்சியும் போதும். இலங்கையின் ஆரம்பச் சுகாதார ஊழியர்கள் இதனைத் திறம்படச் செய்ய வல்லவர் என்பதைப் பேராசிரியர் வர்ணகுலசூரிய குழுவினர் 1984 இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அங்கும் அதே உடைப்பு: மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களுட் கணிசமானோர் செல்லவில்லை.

குணப்படுத்த இயலாத நிலையை அடைந்தோருக்கும் ஒப்புரவு உண்டு. தாதியாய்த் தொடங்கிப் பின் வைத்தியரான சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் 1967 இல் இலண்டனில் நிறுவிய இல்லம், வலி என்பது உடலோடு மட்டும் நில்லாது மனத்தையும் குடும்பத்தையும் பற்றுவது என்று உலகிற்கு உணர்த்திற்று. அதனை வறிய நாட்டுக்கும் ஏற்புடையதாக்கியது கேரளம். கோழிக்கோட்டில் 1993 இல் தொடங்கிய வலிதணிப்புச் சேவை, பின்னர் ஊர்த் தொண்டரும் தாதியரும் வீடு வீடாகச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது. மக்கோர்க்கிள் எண்களால் நிறுவியதைக் கேரளத்துக் கிராமங்கள் நடைமுறையில் காட்டின எனலாம். நகரத்து வைத்தியசாலை இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்ட ஒருவருக்கு, பூநகரியில் உள்ள தம் வீட்டிலே, வலியின்றி உறங்கும் இரவை அளிப்பதற்கு ஒரு தாதியின் வருகை பெரிதும் உதவும்.

இப்பணிக்குரியோர் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டக் கல்வி உண்டு. அங்கு பயிலும் வன்னி மாணவர்கள் தம் ஊரின் வினாக்களையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்தல் வேண்டும். அவர்கள் கண்ட முடிவுகள் புத்தக அலுமாரியில் உறங்காது, சுகாதார வைத்திய அதிகாரியின் மேசையை அடைதல் வேண்டும். தாதியின் நேரத்தில் ஒரு பகுதி ஏடெழுதவும் வினாவெழுப்பவும் ஒதுக்கப்படுதல் வேண்டும். ஆட்குறைவால் அல்லலுறும் வைத்தியசாலைகளில் இது எளிதன்று என்பது உண்மையே. ஆனால் எங்கே நாள் வீணாகிறது என்று அறியாத நிலையில், உள்ள ஆளையும் வீணாக்க நேரும்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வகுத்த திட்டம், 2030 க்குள் சிறுமியருள் நூற்றுக்கு 90 பேருக்குத் தடுப்பூசியும், பெண்களுள் நூற்றுக்கு 70 பேருக்குப் பரிசோதனையும், நோய் கண்டோருள் நூற்றுக்கு 90 பேருக்குச் சிகிச்சையும் கிடைக்கவேண்டும் என்கிறது. இவ்வெண்கள் ஜெனீவாவில் எழுதப்பட்டவை. அவை நிறைவேறுவதும் நிறைவேறாததும் நமது ஊரின் ஒற்றையடிப் பாதைகளிலேயே தீர்மானிக்கப்படும். ஆகவே, 35 வயதை எட்டிய சகோதரியர் தம் பகுதிச் சுகவனிதையர் நிலையத்திற்குச் சென்றுவருக. அவர் சென்றுவர ஒரு நாள் அடுப்படியையும் பிள்ளைகளையும் ஆண்கள் பார்த்துக்கொள்க. மார்பிலே கட்டியோ, வாயிலே ஆறாத புண்ணோ, மாதவிடாய் நின்றபின் குருதிப்போக்கோ கண்டால் நாளை என்று தள்ளாதிருப்பீராக. தாதி வந்து, ஏன் முன்னமே வரவில்லை என்று வினவினால், அதனைக் கண்டிப்பென்று எண்ணி மௌனம் சாதிக்காது, உள்ள காரணத்தை உள்ளபடி கூறுங்கள். பேருந்து இல்லை என்றாலும், பணம் இல்லை என்றாலும், பயம் என்றாலும் கூறுங்கள். அவர் ஏட்டிலே எழுதிக்கொள்ளும் அந்த ஒரு வரி, உங்களுக்குப் பின்னால் வரும் மற்றொரு பெண்ணின் பாதையைச் சற்றுக் குறுக்கிவிடக்கூடும்.